தாமஸ் கிங்கோ: 1689ஆ, 1699ஆ? பாட்டுப் புத்தகக் குழப்பமும் 'சொர்ரி ஓ க்லேதெ' சந்தமும்

#1 ஏட்டுப்பூச்சி

டேனிஷ் கவிஞர் தாமஸ் கிங்கோ (1634–1703) பற்றி ஒரு நீண்ட கட்டுரை தயாராகிறது. கைவசம் இருக்கும் குறிப்புகள் இவை. பிறந்தது ஸ்லாங்கரப், 1634 டிசம்பர் 15. தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து வந்த நெசவாளி, அப்பாவுக்கும் அதே தொழில். 1654இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம். 1661இல் கிர்க்க ஹெல்சிங்கவில் உதவிக் குரு, 1668இல் சொந்த ஊரான ஸ்லாங்கரப்பிலேயே குரு. 1677இல் ஃப்யூன் தீவின் பிஷப், இருப்பு ஓடென்ஸ. 1679இல் பிரபுப் பட்டம். 1703 அக்டோபர் 14 மறைவு, அடக்கம் ஃப்ராவ்த கோயிலில்.

மூன்று இடத்தில் சிக்கல்.

அ) 'கிங்கோவின் பாட்டுப் புத்தகம்' என்று சில இடத்தில் 1689 போட்டிருக்கிறது, சில இடத்தில் 1699. எது சரி?
ஆ) இவரை 'முதல் டேனிஷ் கவிஞர்' என்று எழுதலாமா?
இ) 'சொர்ரி ஓ க்லேதெ' ('துக்கமும் களிப்பும்') பாட்டை மெட்டு மாறாமல் தமிழில் பாட முடியுமா? எந்தச் சீர் பொருந்தும்?

#2 கடற்காகம்

(ஆ)வுக்கு மட்டும் முதலில். எழுதக் கூடாது. 'டேனிஷ் கவிதையின் தந்தை' என்ற பட்டம் ஏற்கெனவே ஆண்டர்ஸ் ஆரெபோவுக்குப் (1587–1637) போய்விட்டது. கிங்கோ அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்தவர்.

ஆரெபோ ஏரோ தீவுக்காரர். 1618இல், 31 வயதில், நார்வேயின் ட்ரொன்ஹைம் பிஷப். 1622இல் பதவி பறிபோனது. கல்யாண வீடுகளில் ஆடிப் பாடியது, ஒரு பிஷப்புக்கு ஆகாத பாட்டுகளைப் பாடியது என்பதுதான் குற்றச்சாட்டு. பிறகு மால்மோவில் இருந்துகொண்டு தாவீதின் சங்கீதங்களை யாப்பில் எழுதி 1623இல் அச்சிட்டார். அப்புறம் வோர்டிங்போர்க்கில் குரு வேலை கிடைத்தது. பெரிய படைப்பு 'ஹெக்சாஎமரோன்': ஆறு நாள் படைப்புக் கதை. பிரெஞ்சுக் கவிஞர் து பார்த்தாவின் நூலைத் தழுவியது என்றாலும், வட கடலையும் திமிங்கில வேட்டையையும் உள்ளே கொண்டுவந்து தன்னுடையதாக்கிக்கொண்டார். அவர் இறந்து 24 ஆண்டு கழித்து, 1661இல்தான் மகன் அச்சேற்றினார்.

அந்த நூலில் யாப்புக்காரர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. முதல் நாளை அறுசீர் ஹெக்சாமீட்டரில் எழுதினார். அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஓர் இயைபு (ஒலி ஒத்து முடிவது), கடைசியில் ஓர் இயைபு என்று இரட்டைப் பூட்டு போட்டார். விளைவு, அடிக்கு இடம் நிரப்பும் ஒரு ஒட்டுச்சொல்லாவது வேண்டியதாகிவிட்டது. பொருள் நின்று நின்று நகர்கிறது. மற்ற நாள்களுக்கு அலெக்சாண்டிரைனுக்கு மாறினார்: 12 அல்லது 13 அசை (நம் நேர், நிரை அல்ல; ஓர் உயிரொலிக்கு ஓர் அசை), ஆறாவது அசையில் நிறுத்தம். மாறிய உடனே மூச்சு விடுகிறது கவிதை. இலக்கணம் தெரியாதவர் செய்த பிழை இல்லை அது, இலக்கணம் அதிகம் தெரிந்தவர் செய்த பிழை.

கிங்கோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏனென்றால் அவர் யாப்பிலிருந்து தொடங்கவில்லை, மெட்டிலிருந்து தொடங்கினார்.

(ஆரெபோ ட்ரொன்ஹைம் போன அதே 1618இல்தான் டேனிஷ் மன்னர் நான்காம் கிறிஸ்தியன் அனுப்பிய கப்பல்கள் நம் கரை நோக்கிக் கிளம்பின. 1620இல் தரங்கம்பாடி.)

#3 மெய்ப்புத்திருத்தி

(அ)வுக்கு: இரண்டு ஆண்டுமே சரி. ஏனென்றால் இரண்டும் வேறு வேறு புத்தகம். இதைக் கலந்துவிட்டால் கட்டுரையின் பாதி தப்பாகப் போகும், வரிசையாகப் பாருங்கள்.

1674: 'ஓண்டெலிக சியுங்க கோர்', முதல் பகுதி. 'ஆன்மிகப் பாடகர் குழு' என்று சொல்லலாம். ஏழு காலைப் பாட்டு, ஏழு மாலைப் பாட்டு, தாவீதின் ஏழு தவச் சங்கீதங்களின் யாப்பு வடிவம். இது கோயிலுக்கு அல்ல, வீட்டுக்கு.

1681: அதன் இரண்டாம் பகுதி. இருபது பாட்டு, ஒவ்வொன்றின் பின்னும் 'நெஞ்சப் பெருமூச்சு' என்று ஒரு சிறு பாட்டு. நீங்கள் கேட்ட 'சொர்ரி ஓ க்லேதெ', 'ஃபார் வெர்டன் ஃபார் வெல்' ('உலகே, போய்வா') இரண்டும் இதில்தான்.

1683: மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியன் டென்மார்க், நார்வே இரு நாட்டுக் கோயில்களுக்கும் ஒரே பாட்டுப் புத்தகம் தயாரிக்கும் வேலையை கிங்கோவிடம் தந்தார். பழைய பாட்டுகளை வைத்துக்கொள்ள வேண்டும், யாப்பு தள்ளாடும் இடத்தில் சீர் செய்யலாம், பொருளைத் தொடக் கூடாது, தன் பாட்டு சிலவற்றைச் சேர்க்கலாம். 'சில' என்பதை நினைவில் வையுங்கள்.

1689: அந்தப் புத்தகத்தின் முதல் பாதி, 'குளிர்காலப் பகுதி'. ஓடென்ஸவில் அச்சானது. 267 பாட்டு, அதில் 136 கிங்கோவினுடையவை.

1690: கிங்கோவுக்குத் தந்த அரசாணை ரத்து.

1693: ரோஸ்கில்த கோயிலைச் சேர்ந்த சோரன் யோனாசன் என்பவரிடம் வேலை மாறியது. அவர் கொடுத்த வரைவில் கிங்கோவின் பாட்டு ஒன்றுகூட இல்லை. அதையும் ஏற்கவில்லை.

1696: குழு அமைப்பு.

1699: குழு தேர்ந்த புத்தகம். சுமார் 300 பாட்டு, அதில் கிங்கோவினுடையவை 85 வாக்கில். பதிப்புரிமை கிங்கோவுக்கே. மக்கள் வாயில் 'கிங்கோ புத்தகம்' என்று நின்றது இதுதான். அதே ஆண்டு மெட்டுகளும் வழிபாட்டு முறையும் சேர்ந்த 'கிராதுவால்' வந்தது.

ஆகவே, 'கிங்கோ தொகுத்த நூல்' என்றால் 1689. 'கிங்கோ பெயரால் வழங்கும் நூல்' என்றால் 1699.

#4 ஏட்டுப்பூச்சி

நன்றி ஐயா, இது போதும். ஆனால் 1690 ரத்துக்கு 'பொறாமைக்காரர்களின் சதி' என்று வரைவில் ஒரு வரி இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

#5 கடற்காகம்

எடுத்துவிடுங்கள். 267இல் 136 என்றால் பாதிக்கு மேல். கிறிஸ்துமஸுக்கும் தவக்காலத்துக்கும் தாத்தா பாட்டி காலத்திலிருந்து மனப்பாடமாக வந்த பாட்டைத் தேடிப் புரட்டினால் அங்கே பிஷப்பின் புதுப் பாட்டு இருக்கிறது. சபைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த சபையில் பாட்டுப் புத்தகம் என்பது நினைவுக்குத் துணை. நினைவில் இல்லாததை நிரப்பிக் கொடுத்தால் அது துணையாக இருக்காது.

#6 மெய்ப்புத்திருத்தி

பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். தொகுப்பாசிரியராக அவர் எல்லை மீறினார், சரி. ஆனால் அந்தப் புதுப் பாட்டுகளில்தான் 'சோம் தென் குல்த்ன சோல்' இருக்கிறது: நிலக்கரி போல் கறுத்த மேகத்தைப் பிளந்துகொண்டு பொற்சூரியன் வருவது போல் உயிர்த்தெழுதல். டென்மார்க்கில் ஈஸ்டர் காலையில் இன்றும் பாடப்படுவது. மன்னர் ரத்து செய்த புத்தகத்தின் பாட்டு அது.

பணச் சேதத்தையும் சொல்ல வேண்டும். அச்சுக்கான மூலதனம் கிங்கோவின் கையிலிருந்து போனது. கோயில்கள் வாங்கியே ஆக வேண்டிய நூல் என்ற கணக்கில் அடித்த படிகள், ஆணை ரத்தானதும் யாரும் வாங்கக் கட்டாயம் இல்லாத சரக்காகிவிட்டன. 1699 நூலின் பதிப்புரிமையை அவருக்கே தந்ததை அந்த நட்டத்துக்கு ஈடு என்று பார்த்தால்தான் புரியும். 'சதி'யைவிட இது சொல்லத்தக்க செய்தி.

#7 தானனத்தான்

(இ)க்கு வருகிறேன். முதல் கண்ணியைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத் தருகிறேன்:

சொர்ரி ஓ க்லேதெ தி வாந்ரெ தில் ஹோபெ
லுக்கெ உலுக்கெ தி காங்கர் போ ராத்
மேத்காங் ஓ மோத்காங் ஹினான்னன் அன்ரோபெ
சோல்ஸ்கின் ஓ ஸ்க்யூர் தி ஃபோல்யெஸ் ஓ ஆத்
யோர்தெரிக்ஸ் குல்
எர் ப்ரெக்தி முல்
ஹிம்லன் எர் ஏனெ ஆ சாலிஹேத் ஃபுல்

பொருள்: துக்கமும் களிப்பும் சேர்ந்து நடக்கின்றன; அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் வரிசையில் போகின்றன; ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன; வெயிலும் மேகமும் கூடவே வருகின்றன. பூமியின் பொன் பகட்டான மண். வானம் ஒன்றே பேரின்பத்தால் நிறைந்தது.

அசை எண்ணிக்கை: 11, 10, 11, 10, 4, 4, 10. மொத்தம் 60. இயைபு: ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும், கடைசி மூன்றும் ஒன்றாக.

நடை, அழுத்தம் ஒன்று பிறகு மெலிவு இரண்டு. அதாவது 'தானன'. நம் வாய்பாட்டில் கூவிளம். முதல் அடி: கூவிளம் கூவிளம் கூவிளம் தேமா. இரண்டாம் அடி: கூவிளம் கூவிளம் கூவிளம் நாள். ஐந்தாம் அடி: கூவிளம் நாள். ஆறாம் அடியில்தான் நடை மாறுகிறது. அது மெலிவில் தொடங்குகிறது, ஆகவே புளிமா நாள். அந்த ஓர் அடி எடுப்பு மாறுவதால்தான் பொன், மண் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. அதைத் தானனவாக்கிவிட்டால் பாட்டு தட்டையாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. டேனிஷ் அழுத்தத்தை எண்ணுகிறது, தமிழ் மாத்திரையை. 'கூவிளம்' என்று அலகிட்டால் மட்டும் பாட வராது. முதல் அசை நெடிலாகவோ ஒற்றடுத்தோ இருக்க வேண்டும். அடுத்த இரண்டும் இலேசாக ஓட வேண்டும்.

#8 ஏட்டுப்பூச்சி

முயற்சி:

துன்பமும் இன்பமும் ஓர்வழி செல்லும்
நல்வினை தீவினை பின்வரும் பார்
ஏற்றமும் வீழ்ச்சியும் கூவியே சொல்லும்
வெய்யிலும் மேகமும் சேர்ந்திடும் பார்
பூமியின் பொன்
மினுக்கும் மண்
வானகம் ஒன்றையே வாழ்வெனக் காண்

#9 தானனத்தான்

முதல் அடி அருமை. ஏன் நன்றாக வருகிறது என்று பாருங்கள்: 'துன்பமும்' முடிந்ததும் அடுத்த சொல் உயிரில் தொடங்குகிறது, ஆகவே ம் அங்கே நிற்காமல் 'துன்பமு மின்பமு மோர்வழி' என்று ஓடிவிடுகிறது. மெலிவு மெலிவாகவே இருக்கிறது. மூன்றாம் அடியில் 'ஏற்றமும் வீழ்ச்சியும் கூவியே' என்னும்போது ம் மேல் வ், ம் மேல் க் மோதி நாக்கு தடுக்குகிறது. அலகு சரி, பாட்டு தடுமாறும். ம் ஒலியை விழுங்கிப் பாடினால் சமாளிக்கலாம்.

'மினுக்கும் மண்' கச்சிதம். எடுப்பு 'மி'யில் மெலிந்து 'னுக்'கில் விழுகிறது.

இரண்டு 'பார்' தாங்காது. இரண்டுமே ஒட்டுச்சொல்.

#10 கடற்காகம்

பொருளில் இரண்டு தப்பு.

'நல்வினை தீவினை' வேண்டாம். 'லுக்கெ' என்பது தானாக வந்து வாய்ப்பது, செய்ததன் பலன் அல்ல. வினை என்ற சொல் வந்தாலே தமிழ் வாசகர் முன்பிறவிக்குப் போய்விடுவார். 17ஆம் நூற்றாண்டு லூத்தரன் பிஷப் தலையில் அதைக் கட்டக் கூடாது.

இரண்டாவது பெரியது. கடைசி அடி கட்டளை அல்ல, கூற்று. 'வாழ்வெனக் காண்' என்று விரல் நீட்டவில்லை கிங்கோ. வானம் ஒன்றே பேரின்பத்தால் நிறைந்தது என்று சொல்லி நிறுத்திவிடுகிறார். உங்கள் அடியில் பேரின்பமும் இல்லை.

#11 ஏட்டுப்பூச்சி

'பேரின்பம்' உட்காரவே மாட்டேன் என்கிறது. பே-ரின்-பம்: மூன்றும் கனம். தானனவில் எங்கே வைத்தாலும் இடிக்கிறது.

#12 தானனத்தான்

'பேருவகை' போடுங்கள். பே-ரு-வ-கை. பேருவ என்பது கூவிளம், கை என்பது நாள். சொல் சீருக்கு நடுவே உடைகிறது, வகையுளிதான். பாடும்போது உடைவது தெரியாது, ஏனென்றால் மெட்டில் அந்த இடத்தில் நிறுத்தம் இல்லை.

'வானிலே மட்டுமே பேருவகை': சரியாகப் பத்து அசை. ஆனால் பொன், மண்ணோடு இயைபு போய்விடும். இயைபா, பொருளா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என் கட்சி பொருள். தமிழ்க் காதுக்கு அடிக் கடைசியைவிட அடித் தொடக்கம்தான் முக்கியம்.

#13 கடற்காகம்

'முல்' என்பதற்கு மண் என்று போட்டது சரி. அது சேறும் இல்லை, புழுதியும் இல்லை. விதை போடும் மேல்மண். தங்கத்தை அவர் குப்பை என்று திட்டவில்லை, மண்தான், ஆனால் பகட்டு மண் என்கிறார். மண்ணுக்குப் 'பகட்டான' என்ற அடைமொழி கொடுப்பதில்தான் நக்கல்.

இன்னொரு பொறி: 'தில் ஹோபெ' என்பதை 'நம்பிக்கைக்கு' என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். நம்பிக்கைக்கு உரிய டேனிஷ் சொல்லும் காதில் அப்படியே விழும். இங்கே 'ஹோப்' என்றால் குவியல். 'தில் ஹோபெ' என்றால் ஒன்றாக, கூட்டாக. ஒரே சொல்லில் பாட்டின் தலைகீழ் அர்த்தம் வந்துவிடும்.

#14 புதுவரவு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கிங்கோ நூலைப் பழைய அச்சின் வருடலில் (ஸ்கேன்) படிக்க முயன்றால் எழுத்தே பிடிபடவில்லை. நூலகப் பட்டியலில் 'ஓண்டெலிக' தேடினால் A வரிசையில் கிடைக்கவும் இல்லை.

#15 மெய்ப்புத்திருத்தி

பட்டியலில் கிடைக்காததற்குக் காரணம் அகரவரிசை. பழைய அச்சில் இந்த 'ஓ' ஒலிக்கு A இரண்டு முறை எழுதப்படும். 1948 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அதுவே தலையில் வட்டம் வைத்த ஒற்றை எழுத்து, டேனிஷ் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து. பட்டியலின் தொடக்கத்தில் தேடாதீர்கள், கடைக்கோடிக்குப் போங்கள். இரண்டு எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள்.

கோதிக் அச்சுக்கு: சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் நீண்ட S, F போலத் தெரியும். குறுக்குக்கோடு தண்டை வெட்டிக்கொண்டு போனால் F, இல்லையென்றால் S. கணினி எழுத்துணரி இதில்தான் அதிகம் சறுக்குகிறது: 'லுஸ்ட்' என்பதை 'லுஃப்ட்' என்று கொடுக்கும். அடுத்த குழப்பம் N, U. சாய்கோட்டை எழுத்தாக எண்ண வேண்டாம், அது காற்புள்ளி. எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். அதை வைத்து ஊர்ப்பெயர் ஆள்பெயர் என்று முடிவு கட்டக் கூடாது.

உச்சரிப்பு: 'de' தனிச்சொல்லாக வந்தால் 'தி'. 'க்லேதெ'யில் வரும் D, நாம் 'அது' என்னும்போது வருகிற மென்மையான த-வுக்கு நெருக்கம். தமிழர் இதை ஆங்கிலம் படித்தவரைவிடச் சுலபமாகச் சொல்லிவிடலாம்.

#16 ஏட்டுப்பூச்சி

'ஃபார் வெர்டன் ஃபார் வெல்' பாட்டில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது, 'ஃபோர்ஃபெங்கெலிஹேத்'. 'மாயை' என்று போட்டிருக்கிறேன்.

#17 தானனத்தான்

பொருள் சரி. பிரசங்கி புத்தகத்தின் 'மாயை, மாயை, எல்லாம் மாயை'யைத்தான் கிங்கோவும் எடுக்கிறார். தமிழ் வேதாகமம் படித்தவருக்கு உடனே கேட்கும். ஆனால் டேனிஷ் சொல் ஐந்து அசை, மாயை இரண்டு. மெட்டில் மூன்று அசை அனாதையாக நிற்கும். 'அனைத்துமே மாயை' என்று எழுதினால் அசை கூடுகிறது, மெலிவில் எடுக்கவும் செய்கிறது.

அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது வேறு. முன்பாதியில் ஒவ்வொரு கண்ணியும் 'ஃபோர்ஃபெங்கெலிஹேத்' என்று முடிகிறது. பின்பாதியில் அதே இடத்தில், அதே சுரத்தில், 'இ ஆபிரஹாம்ஸ் ஸ்கோத்', ஆபிரகாமின் மடியில் (பரலோகத்தில்) என்று முடிகிறது. அசையும் ஒரே ஐந்து. முன்பாதியில் ஒரு தமிழ் முடிப்பு வைத்தால் பின்பாதியிலும் அதே அளவில் ஒன்று வைத்தாக வேண்டும். இல்லையென்றால் திருப்பம் காதில் விழாது.

#18 கடற்காகம்

மெட்டு பற்றி ஒரு சொல். சியுங்க கோரில் கிங்கோ எடுத்துக்கொண்ட மெட்டுகள் பல, அன்று தெருவிலும் விருந்திலும் பாடிய காதல் பாட்டு மெட்டுகள். முன்னுரையில் அதற்குச் சாக்கும் சொல்கிறார்: இனிய மெட்டு சோதோமின் (பாவ நகரின்) பாட்டுக்குக் கிடைக்கலாம் என்றால் சீயோனின் (கடவுளின் நகரின்) பாட்டுக்கு ஏன் கூடாது? அவரே 'கிரிசிலிஸ்' என்று ஒரு காதல் பாட்டு எழுதியவர், முதல் மனைவி சில்லவை நினைத்து. அந்தக் கை வேறு, இந்தக் கை வேறு இல்லை.

வாய்மெட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபாரோ தீவுகள். அங்கே 'கிங்கோ பாடல்' என்றே ஒரு வழக்கம் உண்டு: 1699 நூலின் டேனிஷ் சொற்கள், தீவின் வாய்வழி மெட்டு, மிக மெதுவாக, ஓர் அசைக்குப் பல சுரம் இழைத்து. டென்மார்க்கின் யட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புதுப் பாட்டுப் புத்தகத்தைத் திணித்தபோது 'வலிய யட்லாந்தர்' என்று பெயர் பெற்ற குடியானவர்கள் பழைய கிங்கோ புத்தகத்தை விட மறுத்தார்கள். 1690இல் 'புதுசு வேண்டாம்' என்று தள்ளப்பட்டவர், நூறு ஆண்டுக்குப் பிறகு 'பழசு வேண்டும்' என்பதற்கு அடையாளமாகிவிட்டார்.

#19 புதுவரவு

தரங்கம்பாடி சீயோன் கோயில் 1701. நம் ஞானப்பாட்டுகளில் கிங்கோ இருக்கிறாரா?

#20 மெய்ப்புத்திருத்தி

கோயிலின் ஆண்டு சரி. ஆனால் 1706இல் வந்து தமிழில் வேலை செய்த சீகன்பால்கும் பின்வந்த ஃபபிரீசியஸும் ஜெர்மானியர்கள். பழைய ஞானப்பாட்டுகளின் மூலம் பெரும்பாலும் ஜெர்மன். கட்டுரையில் இதைக் கிங்கோ கணக்கில் எழுத வேண்டாம்.

#21 ஏட்டுப்பூச்சி

'பார்' இரண்டையும் எடுத்தாயிற்று, வினையும் போயிற்று:

துன்பமும் இன்பமும் ஓர்வழி செல்லும்
வாழ்வொடு தாழ்வுமே கோத்ததோர் நூல்
ஏற்றமும் வீழ்ச்சியும் கூவியே சொல்லும்
வெய்யிலின் பின்வரும் மேகமே போல்
பூமியின் பொன்
மினுக்கும் மண்
வானிலே மட்டுமே பேருவகை

#22 தானனத்தான்

'கோத்ததோர் நூல்' வரிசைக்கு நல்ல ஈடு. நான்காம் அடியில் மட்டும் 'போல்' உவமையாக்கிவிடுகிறது. மூலத்தில் நான்கு ஜோடியும் சமமாக நிற்கின்றன, எதுவும் எதற்கும் உவமை இல்லை. நூல், போல் இயைபுக்காக விட்டுக்கொடுக்கிறீர்கள் என்றால் அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். மூன்றாம் அடியில் 'கூவியே சொல்லும்' இன்னும் நொண்டுகிறது. 'ஒன்றையொன்று' அங்கே வர வேண்டும், எனக்கும் இடம் கிடைக்கவில்லை.